அருக்காணி மறித்த ஆகாயம்

கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் அருக்காணியின் தொண்டைக்குத் தனி மரியாதை. காப்பிப் பழம் பறிக்கிறவர்களை மத்தியானச் சோற்றுக்குக் கூப்பிட ஒரு மணி இருந்தது. அது விரிசல் விட்டபோது புது மணி வாங்க யாரும் அவசரப்படவில்லை. அருக்காணி ஒரு சத்தம் கொடுத்தால் கடைசிச் சரிவில் இருப்பவன்கூடக் கூடையை இறக்கிவிடுவான். அப்பேர்ப்பட்ட தொண்டையில் ஒரே ஒரு சொல் மட்டும் வராது. அது அவள் புருசன் பேர்.

பேர் காளியண்ணன். அதில் பாதி சாமி பேராக இருப்பதால் அந்தச் சாமியையும் அவள் பேர் சொல்லிக் கும்பிடுவதில்லை. ‘நாக்கு நீட்டுன ஆத்தா’ என்பாள். மீதிப் பாதியால் கூடப் பிறந்தவனுக்கு நஷ்டம். கல்யாணத்தன்றைக்கு வரை அண்ணனாக இருந்தவன் மறுநாளிலிருந்து ‘பெரியவன்’ ஆகிப்போனான். ரேஷன் கடையில் புருசன் பேரைக் கேட்டால் வரிசையைத் திரும்பிப் பார்ப்பாள். யாராவது சொன்னால்தான் மண்ணெண்ணெய்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காட்டெருமைகள் பக்கத்துக் கரட்டுக் குன்றைத் தாண்டி வந்து காப்பிச் செடிகளை மிதித்துப் போட்டன. எருமைகளை விரட்டத் தெரிந்த ஒரே ஆள் காளியண்ணன்தான். அவனைக் கரட்டுக்கு அந்தப் பக்கம் காவல் குடிசையில் தங்க வைத்தார்கள். அவனோடு பேச எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் தேவசிகாமணி இரண்டு வயர்லெஸ் பெட்டிகள் வாங்கினார். ரேடியோ ரிப்பேர்க்கார லாசர் சேலத்துப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியவை அவை. உடைத்துப்போட்ட ஏதோ விமானத்தின் உறுப்புகள். லாசர் தன் கடை மேசையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசிக் காட்டினார். அற்புதமாகக் கேட்டது. பெட்டி இல்லாவிட்டாலும் அதே தெளிவோடு கேட்டிருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்றை ஆபீசில் வைத்தார்கள், மற்றதைக் குடிசைக்கு அனுப்பினார்கள். நடுவில் மொத்தக் கரடும் படுத்திருந்தது. அந்தப் பெட்டிகளுக்கு மலையைத் துளைக்கத் தெரியாது. ஆனால் ஆகாயம் இரண்டு பக்கத்துக்கும் பொது. அதனால் மேலே போகிற விமானிகள் பேசுவது இரண்டு பெட்டியிலும் கேட்டது, இவர்கள் பேசுவது விமானிகளுக்கும் கேட்டது. இங்கே பேசுவது அங்கே கேட்காது, அங்கே பேசுவது இங்கே கேட்காது, அவ்வளவுதான். பெட்டி நாள் முழுக்க இங்கிலீஷ் பேசியதில் ரைட்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

காளியண்ணன் குடிசைக்குப் போனதே சண்டை போட்டுக்கொண்டுதான். எருமையிடம் பேசுகிற பேச்சில் பாதி தன்னிடம் பேசினால் என்ன என்று அருக்காணி கேட்டாள். எருமைக்குக் காது இருக்கிறது என்று அவன் சொன்னான். அக்கம்பக்கத்து ஊடுகளில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதன்பிறகு யார் முதலில் மன்னிப்புக் கேட்பது என்று இரண்டு பேரும் வீம்பாக இருந்தார்கள்.

அப்போது பார்த்து வந்தது காதுகுத்து. கிளியூரில் இருக்கும் காளியண்ணனின் தங்கச்சி குழந்தைக்கு மறுநாள் காலையில் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காதில் ஊசி படாது. காது குத்துகிற தட்டான் அடிவாரத்தில் பஸ் ஏறியாகிவிட்டது. மாமனோ கரட்டுக்கு அந்தப் பக்கம். பாதையில் காட்டெருமைக் கூட்டம் கன்றுகளோடு படுத்துக் கிடக்கிறது. போய்ச் சொல்ல எவனுக்கும் தைரியமில்லை. அவன் வராவிட்டால், சண்டை போட்டு விரட்டினவள் அருக்காணி என்று நாத்தனார் சாகும்வரை சொல்லிக் காட்டுவாள்.

அருக்காணி ஆபீசுக்குப் போய்ப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள்.

“ஏனுங்க. ஏனுங்க, உங்களத்தானுங்க.”

மெட்ராசிலிருந்து கோயமுத்தூருக்குப் போய்க்கொண்டிருந்த விமானத்தின் விமானி, சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம், வீட்டில் கூப்பிட்ட நினைப்பில் தன்னால் பொத்தானை அழுத்தி “என்னம்மா” என்று சொல்லிவிட்டார். பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்கு நினைவு வந்தது.

கீழே எங்கோ மேசையில் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்கிற கட்டுப்பாட்டு அறைக்காரர், பேசுவது யார், முதலில் பேரைச் சொல்லவும் என்று இங்கிலீஷில் அதட்டினார். அருக்காணிக்கு அது இருமல் போலக் கேட்டது. அவள் பொத்தானை அழுத்தியபடி தட்டான், மடி, நாத்தனார், எருமை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் விரல் பொத்தானில் இருக்கும்வரை வேறு யார் குரலும் யாருக்கும் எட்டவில்லை. இறங்க அனுமதி கேட்ட விமானம் பதில் கிடைக்காமல் சேர்வராயன் மலையைச் சுற்ற ஆரம்பித்தது. அதன் பின்னால் இன்னொன்றும் சுற்றியது.

இந்தம்மா குறை தீராமல் ஆகாயத்தில் எவனும் நகர முடியாது என்று ஈரோட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் நுழைந்தார்.

“அம்மா, நான் மேல ப்ளேன்ல இருந்து பேசறனுங்க. உங்க ஊட்டுக்காரர நான் கூப்பிட்டுத் தரேன். பேரு சொல்லுங்க.”

“மேலயா இருக்கறீங்க? அப்ப எட்டிப் பாருங்க சாமி. செவப்புத் துண்டு கட்டியிருப்பாரு.”

“தெரியாதுங்கம்மா. பேரு.”

“அத எப்படிங்க நான் சொல்றது?” என்றாள் அருக்காணி. “நாக்கு நீட்டுன ஆத்தா பேரு, அதோட கூடப் பொறந்த மூத்தவனக் கூப்பிடற மொறை.”

அதன்பிறகு ஆகாயம் முழுக்க ஒரே காரியமாக இறங்கியது. சுற்றிக்கொண்டிருந்த விமானம் மாரிமுத்து என்றது. அது பஸ் டிரைவருங்க என்றாள். பின்னால் சுற்றியது வேடியப்பன் என்றது. சாமியே தப்புங்க என்றாள். பெங்களூரிலிருந்து மதுரைக்குப் போனவர் இரண்டு பேர் சொல்லிப் பார்த்து, பேச்சு எட்டும் எல்லை தாண்டிப் போகிற வருத்தத்தோடு விடைபெற்றார். கொச்சிக்குப் போகிற விமானத்திலிருந்து மலையாளக் குரல் ஒன்று மெல்லக் கேட்டது: “காளிச்சேட்டனோ?”

“முன்பாதி சரிங்க,” என்றாள் அருக்காணி. “பின்பாதியத் தமிழ்ல சொல்லிப்போடுங்க.”

“காளியண்ணன்,” என்றார் ஈரோட்டுக்காரர்.

அருக்காணி வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கரட்டுக்கு அந்தப் பக்கம் காளியண்ணன் பெட்டிமுன் உட்கார்ந்து கொதித்துக்கொண்டிருந்தான். பெட்டியில் வந்த இங்கிலீஷைக் கேட்டு, தன்னோடு பேசப் பிடிக்காமல் அருக்காணி வெள்ளைக்காரர்களை ஏவிவிட்டிருக்கிறாள் என்பது அவன் முடிவு. திடீரென்று ஆகாயம் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. நாளைக்குக் காதுகுத்து, உங்க மடி வேணுமாம், உங்க ஊட்டுக்காரம்மா கூப்பிடறாங்க என்றது. காளியண்ணன் பொத்தானை அழுத்திப் பேசினான்; அது அருக்காணிக்குக் கேட்கவில்லை. விமானிக்குக் கேட்டது.

“அவரு கேக்கறாருங்கம்மா,” என்றார் விமானி. “நீங்க மன்னிப்புக் கேட்டீங்களான்னு.”

“கேக்கலீன்னு சொல்லுங்க கண்ணு. மொதல்ல அவரு கேக்கோணும்.”

 எரிபொருள் குறைகிறது என்று சுற்றுகிற விமானம் முனகியது.

“கேட்டாங்க காளியண்ணன்,” என்றார் விமானி. “நொம்ப அழுதுட்டே கேட்டாங்க.”

இந்தப் பச்சைப் பொய் அருக்காணியின் பெட்டியிலும் கணீரென்று கேட்டது. அவள் விரல் பொத்தானுக்குப் போனது. இல்லை என்று ஒரு சொல் போதும்.  ரைட்டர் தேவசிகாமணி அவள் முகத்தையே பார்த்தார். அருக்காணி விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா, அவரும் கேட்டுட்டாருங்க,” என்றது ஆகாயம்.

இது காளியண்ணன் பெட்டியிலும் கேட்டிருக்கும். அவன் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்திலிருந்து மறுப்பு எதுவும் மேலே போகவில்லை. விமானங்கள் ஒவ்வொன்றாக இறங்கப் போயின.

பொழுது சாய்வதற்குள் காளியண்ணன் எருமைகளைத் திட்டிக்கொண்டே கரட்டை இறங்கி வந்துவிட்டான். மறுநாள் குழந்தை அவன் மடியில் உட்கார்ந்து, ஊசி படும் முன்பே மடியை நனைத்தது. நாத்தனார் வாயைத் திறக்க இடமே இல்லாமல் போனது. அந்த வாரமே அதிகாரிகள் வந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். லாசரைத் திட்டின திட்டு மட்டும் பெட்டி இல்லாமலே கரட்டைத் தாண்டிக் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

முதலில் இறங்கி வந்தது மற்றவர்தான் என்று இருவரும் இன்றுவரை நம்புகிறார்கள். அதனால் இரண்டு பேருக்கும் மனசு தாராளம். அவள் கறியில் நல்ல துண்டாக அவனுக்குப் போடுகிறாள். அவன் எருமையிடம் சொல்லும் சேதியை அவளிடமும் சொல்கிறான். தலைக்குமேல் விமானம் போனால் மட்டும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, அது மலையைத் தாண்டும்வரை சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.