மலையிலிருந்து இறங்கிய அரசன்

நான் ஆபிரிக்காவில் ஒரு ராச்சியத்தை நிறுவியது ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், நாலாம் வகுப்பில். அதற்கு முந்தைய, இயேசு பிறப்பைச் சொல்லும் நத்தார் நாடகத்தில் கழுதையின் பின்னங்கால்களாக நடித்தவனுக்கு இது பெரிய பதவி உயர்வு.

அரசனின் பெயர் மொஷ்வேஷ்வே. போர்களில் சிதறி ஓடிவந்த சனங்களைத் தட்டையான ஒரு மலையுச்சியில் சேர்த்துவைத்து, இன்றைய லெசோத்தோவுக்கு அடித்தளம் போட்டவர். தாக்க வந்த படை தோற்றுத் திரும்பியபோது, பாவம் பசியில்தானே வந்திருப்பார்கள் என்று மாடுகளை அனுப்பிவைத்தாராம். எங்கள் வகுப்பு நாடகத்தில் எதிரிகள் அவற்றை வாங்கிக்கொண்டு வெட்கப்பட்டுப் போய்விட, மேசைகளை அடுக்கிக் கட்டிய மலையில் நின்று நான், "இந்த நாடு எங்களுடையது!" என்று முழங்க வேண்டும். எனக்கிருந்த ஒரே வசனம். குளியலறைக்குள் முழங்கி முழங்கித் தொண்டை கட்டிப்போனது.

மாட்டு உருவங்களைக் காகித மட்டையில் வெட்டும் பொறுப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. உணவகமொன்றில் சமையல் செய்துவந்த சித்தப்பா கதையைக் கேட்டுக் கொதித்துப்போனார்.

"மட்டை மாட்டை ஆரடா தின்னிறது? பசிச்சு வந்த சனத்தை உப்பிடி ஏமாத்தி அனுப்பேலுமே?"

"ஐயோ தம்பி, அது நாடகம்," என்றார் அம்மா.

"நாடகமெண்டா வயிறு இல்லையோ அண்ணி?"

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. ஆகவே வரலாறு ஆட்டிறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸாக மாறியது.

மேடையில் எதிரிகள் ஒழுங்காகத் தோற்றார்கள். சித்தப்பா இரண்டு பெரிய தட்டுகளோடு ஏறினார். சாப்பிட்டவர்கள் வெட்கப்பட்டுப் போகவில்லை, இன்னொன்று கேட்டார்கள். வாசனை மலையேறியது. என் குடிமக்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் என் தலைமை அமைச்சரும், "இந்தா வந்துவிடுகிறேன்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுக் குதித்தான். திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்க நின்ற ஆசிரியை வாயிலும் ரோல்ஸ்.

வெறும் மலையில் நின்று, "இந்த நாடு எங்களுடையது!" என்றேன். ஒருவரும் திரும்பவில்லை. சித்தப்பா மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"ராசா, சூடு ஆறமுதல் இறங்கி வாடா!"

இறங்கினேன். எதிரித் தளபதி ஒதுங்கி இடம் விட்டான். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. உறைப்பு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நானும் மூன்று சாப்பிட்டேன்.

மறுநாள் இடைவேளையில் தளபதி தன் முழுப் படையோடும் வந்து, பந்தடிக்க வாறியா என்று கேட்டான். அதுவரை ஒருவரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நாட்டை இழந்தவன்மேல் இரக்கப்படுகிறார்கள் என்று நினைத்து, அரசனுக்குரிய கம்பீரத்தோடு மறுத்துவிட்டேன்.