நாற்காலி விற்கிறவன் உட்காரக் கூடாது

நாற்காலி வியாபாரத்தில் உட்காருகிறவர் எல்லாம் வாடிக்கையாளர், நிற்கிறவன் எல்லாம் சேல்ஸ்மேன். ராமநாதபுரத்தில் ஒரு பர்னிச்சர் கடையில் பதினாறு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது. மணிக்கொரு தடவை பத்து நிமிஷமாவது உட்காரு, இல்லையென்றால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளியிடம் ஒரு ஸ்டூல் கேட்டேன். "விக்கிற சாமான்ல விக்கிறவன் உக்காந்தா, வாங்க வாரவன் பழசுன்னு சொல்லிருவான்" என்றார். நின்றே பிழைக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

மீட்டிங்

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் இப்போது ஆர்.எஸ்.மங்கலம் பக்கம்கூட இருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். சுழல் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து பார்த்தவள், "ஒரு நிமிஷம்ணே, ஆபீஸ் மீட்டிங்" என்று மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். நான் பக்கத்தில் நிற்கிறேன். நகரவும் முடியாது, முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். கடிகாரத்தில் பெரிய முள் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தது. கால் வீங்கிச் செருப்பு வார் சதையில் பதிந்துவிட்டது. ஒருவழியாக லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள்.

"அண்ணே, ஒரு மணி நேரம் உக்காந்ததுல இடுப்பு விட்டுப்போச்சு. வேற காட்டுங்க."

ஒரு பாகம்

தங்கச்சிமடத்திலிருந்து அந்தோணி அண்ணன் போன் பண்ணினார். படகுக்காரர். மகள் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு மேசை வேண்டுமாம். "பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல சரியா ஒரு பாகம் இருக்கு" என்றார். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். கடலில் ஆழம் அளப்பது அப்படித்தான். நான் கடையில் நின்று என் கையை விரித்தேன். அந்த நீளத்துக்கு ஒரு மேசையை மினி லாரியில் ஏற்றி, நானும் ஏறிக்கொண்டேன்.

அடி கணக்குக் கேட்டிருக்க வேண்டும்தான். பாம்பன் பாலம் தாண்டிப் போகும்வரை முன்சீட்டில் உட்கார்ந்து வரலாம் என்ற சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை. போய்ப் பார்த்தால் அண்ணன் என் தோளுயரம்தான். மேசை ஒரு சாண் மிச்சம். உள்ளே போகவே இல்லை.

"கடல்ல எம் பாகம் என்னைக்கும் தப்புனதில்ல. ஓங் கைய யாருய்யா நீட்டச் சொன்னா?"

மாமனார் உயரம்

திருவாடானைப் பக்கத்து விவசாயி ஒருவர் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற மருமகளுக்கு நாற்காலி வேண்டும். ஒரே நிபந்தனை: வீட்டில் அவர் உட்காருகிற உயரத்துக்கு மேலே அவள் உட்காரக் கூடாது. அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க அதுல உக்காருங்க, பாப்போம்" என்றார்.

வாடிக்கையாளரே சொல்லிவிட்டார், முதலாளி என்ன பேச முடியும்? உட்கார்ந்தேன். இறக்கச் சொன்னார், இறக்கினேன். அடுத்ததைப் பார்ப்போம் என்றார். இப்படி நாலு நாற்காலி, முழுசாக அரை மணி நேரம். அந்த மனுஷன் நூறு வருஷம் நல்லா இருக்கணும்! இருப்பதிலேயே தாழ்வானதாக ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் வண்டி பிடிக்க வெளியே போனார். அதுவரை வாயே திறக்காத மருமகள் என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, இதை ஒசத்துற லீவர் எந்தப் பக்கம் இருக்கு?"

முதலாளியின் ஆபீஸ்

போன மாதம் முதலாளி கூப்பிட்டார். "முட்டி வலிக்குதுப்பா. இனிமே வீட்டுல இருந்தே கடையைப் பாத்துக்கிறேன். ஒரு ரூமை ஒதுக்கிட்டேன், மேசை சேரெல்லாம் நீயே பாத்துப் போடு."

எனக்கு அப்போதே ஸ்டூல் கண்ணுக்குத் தெரிந்தது. கடையிலேயே உசத்தியானதைத் தேடினேன். தலை சாய்க்க மெத்தை, கால் நீட்டப் பலகை; உட்கார்ந்தால் எழுந்திருக்கவே தோன்றக் கூடாது. நானே கொண்டுபோய்ப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை கடையைத் திறந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அம்மாடி! என்ன சுகம்! கண்கூடக் கலங்கிவிட்டது. மூன்றாவது நிமிஷம் போன் அடித்தது.

"ஏப்பா, நீ எடுத்துக் கொடுத்த சேரு அருமை, எந்திரிக்கவே மனசு வரல. கேமராவுல கடை முழுக்கத் தெரியுது. நீ எந்திரி."

பதினாறு வருஷத்தில் நான் மனசார நல்ல நாற்காலியாகப் பார்த்துக் கொடுத்தது அந்த ஒரு ஆளுக்குத்தான், அதற்குத்தான் இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கிறேன்.