மயிரிழைக் கோடு

இன்று காலை சின்னவளுக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றுமுன், புட்டியின் சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நாலு தடவை படித்தேன். "மருந்து குடுக்கப் போறியா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்றார் வீட்டுக்காரர். சீட்டின் பசை வாசனை என்னை நாயுடுபுரத்து அச்சகத்துக்கு இழுத்துப் போயிருந்தது.

அங்கே நான் புரூஃப் பார்த்தேன். பெரியவன் அப்போது கைக்குழந்தை. ஓட்டல்களின் சாப்பாட்டு அட்டைக்காக முதலாளி மதராஸிலிருந்து ஒரு இங்கிலீஷ் அச்செழுத்து வாங்கி வந்திருந்தார். எழுத்தின் கால்களெல்லாம் கருகருவென்று தடிமன். இணைக்கும் கோடுகளோ மயிரிழை. பெரிய அட்டையில் அத்தனை அழகு. அந்த மோகத்தில் ஆஸ்பத்திரி மருந்துப் புட்டிகளில் ஒட்டும் சீட்டுக்கும் அதிலேயே பொடி எண்களைக் கோர்க்கச் சொன்னார். '1/2 கரண்டி'. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்ந்த மயிரிழை.

அச்சு ஓடும்போது நூறு தாளுக்கு ஒன்று எடுத்துப் பார்ப்பது வழக்கம். நான் பத்துக்கு ஒன்று பார்ப்பேன். மிஷின் ஓட்டும் சவரிமுத்து அண்ணனுக்கு அது பெரிய கேலி. "டீச்சரம்மா, நீங்க பாத்துப் பாத்தே எழுத்து தேஞ்சிரும். வீட்ல புள்ள அழுவும், வெரசா போங்க." புட்டிச் சீட்டு ஓடிய அன்று வெட்கப்பட்டு, முதல் தாளை மட்டும் பார்த்துவிட்டுப் பால் கொடுக்க ஓடினேன். நான் சந்தேகப்படாத ஒரே நாள் அதுதான்.

மறுநாள் மிச்சத் தாளைப் பார்த்தேன். பாதி ஓட்டத்தில் அந்தக் கோடு நசுங்கிப் போயிருந்தது. '1 2 கரண்டி' என்றிருந்தது. ஒன்றிரண்டு கரண்டி என்றுதானே யாரும் படிப்பார்கள்? ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒட்டிய புட்டிகளெல்லாம் கிடைத்தன, ஒன்றைத் தவிர. அது மலைக்கு உள்ளே இருக்கும் போளூர்க்காரி ஒருத்தியின் பிள்ளைக்குப் போயிருந்தது.

அந்தப் பக்கம் பூண்டு ஏற்றப் போன லாரியில் அண்ணனும் நானும் ஏறினோம். லாரி நின்ற இடத்திலிருந்து நடை. அவர் எனக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார். எனக்கோ மார்பு பால் கட்டி வலித்தது. அந்தப் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பிள்ளை வாசலில் மண்ணை அள்ளித் தின்றுகொண்டிருந்தது. நான் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"எனக்கு எழுத்து எங்கங்க தெரியும்? கம்பவுண்டர் கரண்டிய எடுத்து, இம்புட்டுன்னு வெரல வச்சுக் காட்டுனாரு. அதத்தான் ஊத்துறேன்" என்றாள் பிள்ளையின் அம்மா, அண்ணன் சீட்டைப் பற்றிக் கேட்டதற்கு. பிறகு அண்ணனிடம், "இந்தம்மாவுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

அந்த எழுத்தை முதலாளி மறுபடி சீட்டுக்கு எடுக்கவில்லை. இன்று அச்சகம் இல்லை. அங்கே கம்பளி விற்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அந்தக் கம்பவுண்டரும் இல்லை. நேற்று மருந்து வாங்கும்போது, எவ்வளவு என்று கரண்டியில் காட்டச் சொல்லிக் கேட்டேன்.

"படிச்சவங்கதான நீங்க? சீட்டுல போட்டிருக்கு, பாத்துக் குடுங்க" என்று மருந்து கொடுக்கும் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.