அண்ணாச்சியின் பாஸ்வேர்டு

"எங்கிட்டயே பாஸ்வேர்டு கேக்குதாக்கும் உன் மிஷினு?" என்று கேட்டுவிட்டுக் கொள்முதல் அண்ணாச்சி எழுந்து போனார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி வியாபாரக் கம்பெனியில் அப்போது நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெயில் சர்வரும் என் பொறுப்பு. அண்ணாச்சி கொள்முதலுக்காக எம்.ரெட்டியபட்டி, நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் போய்ப் பருத்தியைப் பார்த்து, ஈரம் எவ்வளவு, தரம் எப்படி என்று அங்கிருந்தே மெயில் அனுப்ப வேண்டும். கம்பெனி முகவரியிலிருந்து அது வந்தால்தான் மில்லுக்காரர்கள் லோடு ஏற்றச் சொல்வார்கள்.

ஆபீசுக்குள் இருந்து அனுப்பினால் சர்வர் ஒன்றும் கேட்காது. வெளியூரிலிருந்து அனுப்பினால் மறுத்துவிடும். மறுக்காமல் விட்டால் ஊர் பேர் தெரியாதவனெல்லாம் எங்கள் சர்வர் வழியாகக் குப்பை மெயிலைக் கொட்டுவான். அப்புறம் எங்கள் மெயிலையும் குப்பை என்று எந்த மில்லும் வாங்காது. அதனால் வெளியே போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்தேன். போகும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி மெயிலைப் பூட்டி அனுப்பவும் ஏற்பாடு செய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. முப்பது வருஷம் அங்கே இருந்த அண்ணாச்சிக்கோ அது மரியாதைக் குறைவு. இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, "சரி தாயி, நீயே ஒண்ணு போட்டுக்குடு" என்றார்.

அவருக்கு ஒரு பழக்கம். கிராமத்துத் தரகர்களிடம் வெற்றுச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வைத்திருப்பார். தான் போக முடியாத நாளில் அவர்களே பருத்தியைப் பார்த்து நிரப்பிக்கொள்வார்கள். அதுவரை ஒருவரும் ஏமாற்றியதில்லை. கையெழுத்தையே கொடுத்தவருக்குப் பாஸ்வேர்டைக் கொடுக்க என்ன தயக்கம்? நாலு தரகர்களுக்கும் கொடுத்துவிட்டார். எனக்கு அது அப்போது தெரியாது.

ஒரு மாசி மாதம் பருவம் தப்பி மழை பெய்தது. மில்லுக்குப் போன லோடு ஒன்று ஈரம் என்று திரும்பி வந்தது. ஈரமே இல்லாத, நல்ல காய்ச்சலான பருத்தி என்று அண்ணாச்சி பேரில் மெயில் போயிருந்தது. சர்வர் பதிவைப் பார்த்தால் அவருடைய பாஸ்வேர்டுதான். "இனிமே அவுகள நம்பி எப்படி வெளிய அனுப்புறது?" என்றார் முதலாளி. நான் போட்ட பூட்டே அவர் வேலைக்கு உலை வைக்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. மறுபடியும் பதிவைப் பார்த்தேன். மெயில் போனது காலை பதினொன்றே காலுக்கு. அந்த நேரம் அண்ணாச்சி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எனக்குக் காரச்சேவு பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்ச் சொன்னேன். முதலாளி அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "அப்ப அனுப்புனது யாருன்னு சொல்லுங்க" என்றார். அண்ணாச்சி பேர் சொல்லவில்லை. "பாஸ்வேர்ட ஊருக்கெல்லாம் குடுத்தது நான். எம்பேருல போயிருக்கு. அப்ப நான் அனுப்புனதுதான்" என்றார். மில்லுக்கும் அவரே போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு அவரை வேலையை விட்டுப் போகச் சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை. எனக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

அந்த வாரம் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, கையெழுத்துச் சீட்டுகளையெல்லாம் திரும்ப வாங்கி வந்தார். வந்த கையோடு, புதுப் பாஸ்வேர்டு வேண்டும் என்றார். வழக்கம்போல நானே போடக் கீபோர்டை இழுத்தேன். "இல்ல தாயி, நானே போடுறேன். நீ கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கோ." ஒற்றை விரலால் அவர் தட்டி முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுத் திருச்சுழியில் மகனோடு சௌக்கியமாக இருக்கிறார். போன மாதம் போனில் பேசும்போது, "அண்ணாச்சி, அந்தச் சர்வரையே தூக்கியாச்சு. அன்னைக்கு என்ன பாஸ்வேர்டு போட்டீக?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்லக் கூடாது தாயி" என்றார்.