தேர் லொறிக்குப் பின்னால்

செல்வராசா தன் வாழ்நாளில் ஒரு லொறியும் ஓட்டியதில்லை. ஆனால் அவர் கை காட்டாமல் முதலாளியின் லொறிகளில் எதுவும் இத்தாலியின் பலேர்மோத் தெருக்களில் ஓரடிகூடப் பின்னால் போனதில்லை.

ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் ஒரு சிசிலியக்காரரின் வளவில்தான் அவருக்கு வேலை. இராணுவம் கழித்துவிட்ட மூன்று லொறிகளை அந்த மனிதர் ஏலத்தில் எடுத்து, பச்சை நிறத்துக்கு மேல் நீலம் பூசி வைத்திருந்தார். ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் படகு ஏற்றுவதும், வுச்சீரியாச் சந்தைப் பக்கம் இடிந்த வீடுகளின் கல் அள்ளுவதும் அவற்றின் வேலை. நெஞ்சளவு உயரமுள்ள சக்கரங்கள். காடும் மணலும் தாண்டுவதற்காகச் செய்யப்பட்ட அந்த இயந்திரங்களுக்குச் சனம் நடமாடும் தெரு என்றால் என்னவென்றே தெரியாது. சாரதி ஆசனத்தில் இருந்து பார்த்தால் பின்பக்கம் முழுக் குருடு. ஒரு கிழவியையும் அவள் தள்ளிவரும் சந்தை வண்டியையும் அந்தக் குருட்டுக்குள் சத்தமில்லாமல் விழுங்கிவிடலாம்.

அந்தக் குருட்டுக்குக் கண்ணாக நிற்பதுதான் செல்வராசாவின் தொழில். முதலில் லொறியை ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் குனிந்து பார்ப்பார். ஆட்களை நடைபாதைக்கு ஏற்றுவார். பிறகு சாரதியின் கண்ணாடியில் தன் உருவம் விழும் மூலையில் நின்று கை காட்டுவார். கை காட்டுவது ஒருவர் மட்டும்தான். கண்ணாடியில் அவரைக் காணவில்லை என்றால் சாரதி கேள்வி கேட்காமல் பிறேக்கை மிதிக்க வேண்டும். சாரதி யசிந்தனுக்கு இதைத் திட்டித் திட்டியே பழக்கியிருந்தார்.

"செல்வராசா அண்ணை முன்னுக்கு வரவே மாட்டார். அவரின்ரை பிழைப்பே பின்னுக்குத்தானே" என்று தமிழ்ச் சனம் பகிடி பண்ணும். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காமல் என்ன செய்வது? இளவயதில் யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் இருந்து வந்து, சிஞ்ஞோரா என்று கூப்பிடும் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் படுக்கையில் கிடந்த கிழவருக்குப் பீ மூத்திரம் அள்ளிய மனிதர். மனைவி புற்றுநோயில் போனபோது மகள் துசானி பள்ளிக்கூடப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத் தலைவாரிப் பின்னலிட இணையத்தில் பார்த்துப் பழகினவர். அவருடைய உலகத்தில் முன்பக்கம் என்று ஒன்று இருந்தால் அது துசானி மட்டும்தான்.

அந்தத் துசானி ஒருவனை விரும்பினாள். அதுவும் யாரை? அம்மன் கோயில் சபைத் தலைவர் தர்மகுலசிங்கத்தின் ஒரே மகன் கீர்த்திகனை!

பலசரக்குக் கடை முதலாளி, நாலு பேர் எழுந்து நின்று கதைக்கும் ஆள் தர்மகுலசிங்கம். மகன் சாப்பிடாமல் கிடந்து பிடிவாதம் பிடித்ததில் இறங்கி வந்தார். செல்வராசாவைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"இந்த முறை அம்மாளாச்சியை லொறியிலைதான் ஏத்தப்போறம். உன்ரை முதலாளியிட்டைச் சொல்லி எடுத்துத் தா. தேர் நல்லபடி சுத்தி வரட்டும், அண்டைக்கே சபைக்கு முன்னாலை பிள்ளையளுக்கு மோதிரம் மாத்துவம்."

"ஓம் அண்ணை" என்றார் செல்வராசா.

"ஆனா ஒண்டு. தேர் பிழைச்சுதோ, கலியாணமும் பிழைச்சுது. பிறகு என்னிலை நோகக்கூடாது."

தலைவரின் மனைவி புனிதமலர் உள்ளே இருந்து தேநீரும் வாய்ப்பனும் கொண்டுவந்தாள். "இனி எங்கடை சம்பந்தியெல்லே! ஆறமுதல் குடியுங்கோ" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வீடு வரும்வரை செல்வராசா வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தார்.

தேர் நாள் வந்தது. ஆடி வெயில் கல் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. இராணுவ லொறி அடையாளமே தெரியாமல் தேராகியிருந்தது. வாழை, தேர்முடி, மாலை, சக்கரங்களை மறைத்து நிலம் வரை தொங்கும் சிவப்புப் பட்டுச் சீலை. செல்வராசாவின் கண் அந்தச் சீலையில்தான் குத்தி நின்றது.

"தம்பியவை, சீலையைச் சக்கரத்துக்கு மேலை சுருட்டிக் கட்டுங்கோ. கீழை என்ன கிடக்குதெண்டு தெரியாது."

"அண்ணை அம்மாளாச்சிக்குக் கட்டைச் சட்டை தைக்கச் சொல்லுறார்!" என்றான் ஒருவன். சனம் கொல்லென்று சிரித்தது. தலைவர் முறைத்தார். மோதிரம் மாற்றும் நாள். செல்வராசா வாயை மூடிக்கொண்டார். அந்த வாயை அன்று மூடாமல் இருந்திருந்தால்!

தேர் முன்னால் போகும்வரை குறை ஒன்றுமில்லை. பின்னால் பெண்கள் அடியழித்துக்கொண்டு வந்தார்கள். விழுந்து கும்பிட்டு, எழுந்து ஓரடி வைத்து, மறுபடி விழுந்து, தேர் போன தடத்தை உடம்பாலேயே அழித்துக்கொண்டு வரும் நேர்த்தி அது. தொடங்கினால் முடியும்வரை விடக்கூடாது. இடையில் விட்டால் விட்ட இடத்தில் இருந்தே தொடர வேண்டும்.

ஒடுங்கிய தெரு ஒன்றில் வெள்ளைக் கார் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சொந்தக்காரன் ஐந்து நிமிடத்தில் வருவான் என்றார் முடிவெட்டும் கடைக்காரர். பலேர்மோவின் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"நல்ல நேரம் முடியப்போகுது. பின்னுக்கு எடுத்து மற்ற ஒழுங்கையாலை போவம்" என்றார் தலைவர்.

செல்வராசா பெண்கள் பக்கம் திரும்பினார். "அப்ப ஒருத்தரும் பின்னாலை நிக்கக்கூடாது. எல்லாரும் கரையிலை ஏறுங்கோ!"

"சாமியை விட்டிட்டுக் கரையிலை ஏறுறதோ?"

"அடியழிக்கிறவை எழும்பக்கூடாது, தெரியாதோ உமக்கு?"

"லொறிக்குக் கண் இல்லை அக்காமார், உங்கடை காலிலை விழுறன், எழும்புங்கோ!" உண்மையாகவே குனிந்துவிட்டார். முணுமுணுத்தபடி பெண்கள் எழுந்து ஒதுங்கினார்கள். அவர் சுற்றி வந்தார். சீலையைத் தூக்கி அடியில் பார்த்தார். வெறும் தெரு. தன் மூலைக்குப் போய் நின்று கையை அசைத்தார். யசிந்தன் லொறியைப் பின்னால் எடுத்தான். அவனுக்குப் பக்கத்து ஆசனத்தில் தலைவர் ஏறி இருந்தார்.

அந்த நேரம் பார்த்து மறுகரையில் இருந்து ஒரு பெண் இறங்கினாள். முந்தானையால் முக்காடு. தான் விட்ட அடி லொறிக்கு நேர் பின்னால் இருந்தது. அதில் போய் அப்படியே குப்புற விழுந்தாள். சீலை அவளை மூடிக்கொண்டது.

சீலை விளிம்புக்கு வெளியே ஒரு கை மட்டும் நீண்டு கிடந்தது. பச்சைக்கல் வளையல் போட்ட கை.

செல்வராசா கையை உயர்த்தினார். நில்! யசிந்தன் கண்டான், கால் பிறேக்குக்குப் போனது.

"ஏன்டா நிப்பாட்டுறாய்? நேரம் போகுது, நான் சொல்லுறன், எடு!" என்று தலைவர் அவன் தோளில் அடித்தார். கால் திரும்பி வந்தது. சக்கரமும் உருண்டது.

செல்வராசா கத்தினார். நாதஸ்வரமும் அரோகராவும் அவர் குரலைத் தின்றுவிட்டன. உயர்த்திய கையை ஒருவரும் மதிக்கவில்லை. இனி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இத்தனை வருடமும் எந்த இடத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னாரோ, அந்த இடத்துக்குள் பாய்ந்தார். கண்ணாடியில் இருந்து மறைந்தார்.

ஆளைக் காணவில்லை! திட்டுவாங்கிப் பழகின கால் தலைவரையும் மறந்தது, அம்மனையும் மறந்தது. பிறேக்கை முழுமூச்சாக மிதித்தது. லொறி குலுங்கி நின்றது. செல்வராசா அவளை இழுத்துத் தள்ளவும், மேலே கட்டு அறுந்து, ஐம்பொன் அம்மன் பீடத்தோடு பின்னால் சரிந்து அவர் வலக்கையின் மேல் விழவும் சரியாக இருந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது. அம்மன் முகம் குப்புறத் தெருவில் கிடந்தாள்.

பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைவர் வந்தார்.

"பாவி! என்ன காரியமடா செய்தனி?"

"பின்னாலை ஆள் கிடந்தது அண்ணை..."

"ஆர்? எங்கை? ஆரும் கண்டனீங்களோ?"

ஒருவரும் காணவில்லை. எல்லார் கண்ணும் அம்மனில்தான் இருந்தது. செல்வராசா வலியில் பல்லைக் கடித்தபடி கூட்டத்துக்குள் தேடினார். அங்கே நின்றாள், பச்சைக்கல் வளையல்காரி. முக்காடு விலகியிருந்தது. புனிதமலர்!

"அக்கா... நீங்களே சொல்லுங்கோ."

அவள் கண் இமைக்காமல் அவரைப் பார்த்தாள். "நான் முன்னுக்கெல்லோ விளக்கோடை நிண்டனான். இந்தாளுக்கு வெயிலுக்கு மூளை கலங்கிப்போச்சு."

அவளுக்குப் பக்கத்தில் கீர்த்திகன் நின்றான். தாயின் சேலையில் அப்பியிருந்த தெருக்கரியைப் பார்த்தான். முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தான். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். யசிந்தனும் லொறியை விட்டு இறங்கவில்லை.

"அம்மாளைத் தெருவிலை விழுத்தினவன்ரை வீட்டிலை சம்பந்தம் வைக்க எனக்கு விசரோ?" என்றார் தலைவர். காறித் துப்பிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை. ஆஸ்பத்திரியில் கை கட்டுப்போட்டுத் தொங்கியது. இனி அது தோளுக்கு மேல் எழும்பாது என்று சொல்லிவிட்டார்கள். துசானி கோப்பி வாங்கக் கீழே போயிருந்தாள். புனிதமலர் தனியாக வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள். அவர் கண்கள் கசிந்தன. உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தார் அந்த அப்பாவி.

"எனக்கு உயிர் தந்திருக்கிறீங்கள். சாகும்வரை மறக்கமாட்டன். ஆனா வெளியிலை சொல்லமாட்டன்."

"ஏன் அக்கா? என்ரை பிள்ளையின்ரை வாழ்வு..."

"நான் எதுக்கு அடியழிச்சனான், தெரியுமோ? இந்தக் கலியாணம் நடக்கக்கூடாதெண்டு." குரல் ஏறவில்லை, இறங்கவுமில்லை. "லொறிக்குப் பின்னாலை நிக்கிறவன்ரை பெட்டை என்ரை வீட்டிலை விளக்கேத்தக்கூடாதெண்டு. அவருக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. அம்மாளாச்சிக்கு மட்டும்தான் தெரியும். கேட்டதை அவ தந்திட்டா. இப்ப நான் வாய் திறந்தால், வேண்டாமெண்டு திருப்பிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

எழுந்து சேலையைச் சரிசெய்தாள். வாசலில் இரண்டு கோப்பிக் குவளைகளோடு துசானி நின்றாள். அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி, புனிதமலர் போய்விட்டாள்.

துசானி குவளைகளை வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அந்தத் தகப்பன் தாங்கியிருப்பார்.

"பெர்கே, அப்பா? ஏன் ஓடினீங்கள்?"

"பின்னாலை ஆள் கிடந்தது, பிள்ளை."

"ஆரெண்டு தெரியுமோ?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். பழக்கமில்லை. "வளையலைக் கண்டவுடனை தெரியும், தேத்தண்ணி தந்த அண்டைக்கும் அதுதான் போட்டிருந்தவ. உன்ரை மாமி எண்டுதான் இன்னும் கெதியா ஓடினன்."

துசானி சிரித்தாள். தகப்பனிடம் அவள் அதுவரை சிரித்திராத சிரிப்பு.

"கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கலாம் அப்பா."

சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். கூப்பிட நினைத்து அவர் கையை உயர்த்தப் பார்த்தார். கை எழவில்லை.