பதினேழாம் கூண்டுக் கோழி

கலா, இந்தத் தாள்களை யாரிடமும் காட்டிவிடாதே. நம் பெஞ்சு செல்விக்கு மட்டும் வேண்டுமானால் படித்துச் சொல். பிறகு அடுப்பில் போட்டுவிடு. எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சிம்னி விளக்கைச் சின்னதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாளைக் காலையில் சங்ககிரியிலிருந்து மாமா வருகிறார், அவருடைய அம்மாவோடு. என் பூங்கொடி அக்காவைக் கட்டியவர். அக்கா காமாலையில் போய் எட்டு மாதம்தான் ஆகிறது. நாளைக்கு எனக்கும் அவருக்கும் நிச்சயம். பிளஸ் டூ பரீட்சைக்குக்கூடப் போக வேண்டாம் என்கிறார்கள்.

அழுகை வரவில்லை. கருவாட்டுத் தூள் வாசம்தான் வருகிறது...

ஒன்பதாவது முடிந்த லீவில் தொடங்கி எங்கள் கோழி ஷெட் முழுக்க அந்த வாசம்தான். கால்நடைப் படிப்புப் படிக்கிற வசந்தா அக்கா ஓர் ஆராய்ச்சிக்காக வந்திருந்தார். நாங்கள் அவரை டாக்டரக்கா என்போம். நாற்பது கோழிகள். இருபதுக்குப் பழைய தீவனம், இருபதுக்குக் கருவாட்டுத் தூள் கூடுதலாகப் போட்ட தீவனம். வாரா வாரம் அதே கோழிகளை எடை போட வேண்டும். பத்து வாரம்.

பூங்கொடி அக்காதான் கோழியைப் பிடிப்பாள். காலைக் கட்டித் தராசில் தலைகீழாகத் தொங்கவிட்டு, "எழுதிக்க சாமி, மகாராணி ஒண்ணேகால் கிலோ" என்பாள். எல்லாக் கோழியும் அவளுக்கு மகாராணிதான். நான் கூண்டு எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். அவள் தலை முழுக்க இறகாக இருக்கும். சாயங்காலம் நான்தான் பொறுக்கி எடுப்பேன்.

பத்து வாரம் முடிந்ததும் டாக்டரக்கா சராசரி போட்டார். கருவாட்டுத் தீவனம் ஜெயித்தது. நான் பெருமையாக, "நானூறு கோழிய எடை போட்டிருக்கறமுங்க" என்றேன்.

"நானூறு கோழி ஏது பாப்பா? நாப்பது கோழி, பத்துப் பத்துத் தடவ. போன வாரம் குண்டா இருந்தது இந்த வாரமும் குண்டாத்தான் இருக்கும். அதைப் புதுக் கோழின்னு எண்ணக் கூடாதுன்னு எங்க சார் என்னை நேத்துத்தான் திட்டினாரு. சராசரிய மட்டும் பார்த்தா ஒண்ணும் தெரியாதாம். கோழிக்கு ஒரு கோடு போடணுமாம்."

அவருக்கே அது புதுப் பாடம். தீவன மூட்டைமேல் கிராப் தாளை விரித்து, மூவரும் மண்டியிட்டுக் கோடு இழுத்தோம். கீழே வாரம், பக்கத்தில் எடை. நாற்பது கோடு. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, கலா. நோட்டில் வெறும் எண்ணாகக் கிடந்தது ஒவ்வொன்றும் ஒரு கோழியாக நடந்து போயிற்று. ஒன்று மெதுவாக, ஒன்று வேகமாக, ஒன்று நடுவில் நோய் கண்டு இறங்கிப் பிறகு ஏறி...

கருவாட்டுத் தீவனம் தின்ற பதினேழாம் எண்ணில் டாக்டரக்காவின் பென்சில் நின்றது. ஐந்து வாரமாகச் சரிந்துகொண்டே வந்த கோடு, ஆறாம் வாரம் செங்குத்தாக எழும்பியிருந்தது.

"ஒரே வாரத்துல அரைக் கிலோவா? கல்லைத் தின்னுச்சா இது?"

நோட்டைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தப்பாக எழுதிவிட்டேன் என்றே நினைத்தார். ஆராய்ச்சியில் இனி இந்தப் பெண்ணைச் சேர்க்கவே கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

பூங்கொடி அக்கா தாவணி நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

"அவ மேல தப்பில்லீங்க டாக்டரக்கா. அந்தக் கோழி செத்துப் போச்சுங்க. காலிக் கூண்டு கண்ணுல பட்டா எங்கப்பா வைவாருங்க. அதான் அந்தாண்ட வரிசையில இருந்து கொழுத்ததா ஒண்ணப் புடிச்சு உட்டுப்போட்டனுங்க."

எங்கள் ஷெட்டில் அதுதான் வழக்கம். காலையில் ஒன்று செத்துக் கிடந்தால் மத்தியானத்துக்குள் அங்கே வேறொன்று நிற்கும்.

தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்த அப்பா வாளியோடு வந்தார். "ஏம்புள்ள, கூண்டத்தான ரொப்பச் சொன்னேன், கோட்டையுமா ரொப்பச் சொன்னேன்? எடம் அதேன்னா கோழியும் அதே ஆயிருமா? அது வேற, இது வேற."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரக்காவும் சிரித்தார். ஆனால் கண் கலங்கியிருந்தது. அந்தக் கோழியை விட்டுப் பார்த்தபோது கருவாட்டுத் தீவனம் ஜெயித்ததாகச் சொல்ல முடியவில்லை. இருந்தும் ரப்பரை எடுத்து ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு இருந்த கோட்டை அழித்தார். கோடு நின்ற இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

"இதுவரைக்கும் இருந்துச்சுன்னு எழுதினாப் போதும். அதுக்கப்புறம் காலியாவே இருக்கட்டும்."

"பாவம் மகாராணி" என்றாள் அக்கா.

டாக்டரக்கா அந்தத் தாளின் ஒரு படியை எனக்குத் தந்துவிட்டுத்தான் போனார். வேதியியல் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். மடித்து மடித்துப் பதினேழாம் கோட்டின் மேலேயே கிழிந்திருக்கிறது.

அப்போது ஷெட்டில் இரண்டு வரிசைக் கூண்டு. இப்போது ஆறு வரிசை. எடை போட இப்போது ஆளில்லை. என் தலையைப் பார்த்து, "இறகு ஒட்டியிருக்குது, இரு" என்று சொல்லவும் யாரும் இல்லை.

மத்தியானம் அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த ஊட்டுல எடம் காலியாக் கெடக்குது. நம்ம புள்ளயே போயிட்டா நல்லது." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லும்போது குரல் உடைந்தது. அக்காவின் மேல் அவருக்கு உயிர்.

ஆனால் வாளியோடு நின்று அன்றைக்குச் சொன்னது அவரேதானே? அதை நாளைக்கு அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டும். அவ்வளவுதான். மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். "அது வேற, இது வேறங்கப்பா" என்று ஒரு வாக்கியம். அதற்கே இத்தனை தாள் எழுத வேண்டியிருக்கிறது. மாமா வந்த பிறகு எல்லார் முன்னாலும் எனக்கு வாய் வருமா...

கதவு தட்டுகிறார்கள். அப்பா குரல். "சாமி, இன்னுந் தூங்கலியா? வெளக்கு எரியுது?"

கலா, இப்போதே சொல்லிவிட, கிராப் தாளை எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறக்கப் போகிறேன்.