எடை குறைந்த மோட்டாரோடு பெரம்பலூர், அரியலூர்

மாசி மாதக் கடைசியில் பெரம்பலூர், அரியலூர் பக்கம் இரண்டு நாள் போய் வந்தேன். கோயில் பார்க்க இல்லை, மோட்டார் விற்க. கோவையில் நானும் தம்பி பிரபுவும் சிறிய மோட்டார் பட்டறை ஒன்று நடத்துகிறோம். பல வருடமாக ஒரு பெரிய கம்பெனிக்குச் செய்து கொடுத்தோம். உழைப்பு எங்களுடையது, மேலே இருக்கும் பெயர் அவர்களுடையது. போன வருடம்தான் எங்கள் பெயரிலேயே ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்றை இறக்கினோம். வழக்கமான வார்ப்பிரும்புக்குப் பதில் அலுமினிய உடம்பு, எடை குறைவு, கரண்டும் குறைவாக இழுக்கும். ஆனால் கோவையில் தெருவுக்கு நாலு பேர் மோட்டார் செய்கிறார்கள். வெளியூரில் சந்தை பிடிக்காவிட்டால் பழையபடி அடுத்தவர் பெயருக்கே செய்வோம் என்று தம்பி சொல்லிவிட்டான்.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் காலை ஆறரைக்கு ஏறினால் எட்டு மணிக்கு இறங்கிவிடலாம். ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். மாதிரிக்குக் கொண்டுபோன மோட்டாரைச் சக்கர வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு ஏறினேன். கண்டக்டர் ஒரு கை கொடுத்துவிட்டு, "உள்ள என்னங்க, அம்மிக்கல்லா?" என்றார். லக்கேஜுக்குத் தனி டிக்கெட் நாற்பது ரூபாய். ஜன்னலோர இருக்கை கிடைத்தும் மோட்டாருக்குக் காவல் இருந்ததில் வெளியே பார்க்கவே இல்லை.

பழைய பேருந்து நிலையம் பக்கம் மோட்டார், பம்ப் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் பெரிய கடை பஷீர் பாயுடையது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அரிசி மில், கல் உடைக்கும் கிரஷர், மக்காச்சோளம் உதிர்க்கும் களம் என்று மோட்டாருக்குத் தேவை நிறையவே இருக்கிறது. பாய் டீ சொல்லிவிட்டு, என் மோட்டாரின் ஒரு பக்கத்தைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அவ்வளவுதான் பரிசோதனை.

"மாஷா அல்லாஹ், பினிஷிங் நல்லாருக்கும்மா. ஆனா வெயிட்டு இல்லியே."

"வெளி உடம்பு அலுமினியம் பாய். உள்ள செம்பு மத்ததைவிடக் கூடுதல்."

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. வாங்க வர்றவன் தூக்கித்தானே பாப்பான்? லேசா இருந்தா உள்ள செம்பைக் கொறச்சுட்டான்னு போயிடுவான்."

அடுத்த மூன்று கடைகளிலும் இதே கதை. எல்லோரும் ஒரு பக்கம் தூக்கினார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். கண்டக்டருக்குக் கனம், கடைக்காரருக்கு லேசு! எரிச்சல் எரிச்சலாக வந்தது. லாட்ஜில் அறை சுத்தமாக இருந்தது ஒன்றுதான் அன்றைக்கு ஆறுதல்.

மறுநாள் காலை அரியலூர் பஸ். முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம் ஆகும். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். மூக்கை மூடத் துணி எடுத்துப் போங்கள். சிமென்ட் ஆலைகளுக்கு மோட்டார் மலைமலையாகத் தேவைதான், ஆனால் வாங்குவது வெளியூர்த் தலைமை அலுவலகம். என்னைப் போன்றவர்களுக்குக் கேட் வரைதான் அனுமதி. செக்யூரிட்டி தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

வேறு வழி தெரியாமல் எரிந்த மோட்டாருக்குள் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி, காயில் கட்டும் குமார் என்பவரின் பட்டறைக்குப் போனேன். ஊருக்கு ஊர் இவர்கள் சொல்லும் மோட்டாரைத்தான் மக்கள் வாங்குவார்கள். குமார் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "நான் என்னக்கா பண்றது? வண்டியில ஏத்திவுட்டீங்கன்னா அன்னைக்கே கட்டிக் குடுத்துடுவேன்." வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "செந்துறை பக்கம் மாவு மில்லுங்க. அஞ்சு எச்.பி. எரிஞ்சு மூணு நாளாச்சு. தூக்கி ஏத்த ஆள் கெடைக்கலியாம்."

சரக்கு ஆட்டோ பிடித்தேன். இருபது கிலோமீட்டருக்குள்தான்.

மில்லுக்காரர் பெயர் செல்வி. பெற்றோர் இருவரும் கூலி வேலை செய்தவர்கள். இவர் மகளிர் குழுக் கடனில் மில் போட்டு, இப்போது மருமகளோடு நடத்துகிறார். வாசலில் மிளகாய் மூட்டைகள் காத்துக் கிடந்தன. செல்வி அக்காவும் என் மோட்டாரைத் தூக்கிப் பார்த்தார். எனக்கு முகம் தொங்கிப்போனது. ஆனால் அவர் ஒரு பக்கத்தோடு நிறுத்தவில்லை. மருமகளைக் கூப்பிட்டார்.

"ஏ வித்யா, அந்தாண்ட புடி."

இருவரும் சேர்ந்து தூக்கி வாசல் வரை நடந்து, திரும்பி வந்து வைத்தார்கள். செல்வி அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"ஆம்பளைங்க வர்றதுக்குக் காத்துக் கெடக்க வேணாம் பாரு. பழசை ஏத்த மூணு பேரு வேணும். அவனவன் வேலையை வுட்டுட்டு எப்ப வருவான்? அதுவரைக்கும் மில்லு பூட்டித்தான் கெடக்குது."

பழைய மோட்டாருக்கும் இதற்கும் அடித்தளத் துளைகள் ஒரே அளவு என்பதால் மாட்ட அரை மணிதான் ஆனது. பெல்ட் போட்டு, மிளகாய் அரைத்துப் பார்த்தபின் கேட்டார்: "எரிஞ்சா யாரு வருவா? நீ வருவியா?"

குமாருக்குப் போன் போட்டேன். எங்கள் மோட்டாருக்கு அவரே காயில் கட்ட ஒப்புக்கொண்டார். செல்வி அக்கா வாங்கிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மிளகாய் நெடி என்று சமாளித்தேன்.

மோட்டார் தொழிலில் இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: தேவை உண்டு, நம்பிக்கைதான் சுலபத்தில் கிடைக்காது. செம்பு விலை, முத்திரையில்லாத மலிவுச் சரக்கு, ஏறி இறங்கும் வோல்டேஜ் என்று இடைஞ்சல்களும் இருக்கின்றன. கடைக்குப் போகும் முன் காயில் கட்டுபவரைப் பாருங்கள். மில்களுக்கு மதியத்தில் போங்கள், காலையில் கூட்டம் இருக்கும். திரும்புவதற்கு அரியலூரில் ரயில் இருக்கிறது.

அந்த ரயிலில்தான் தம்பி கூப்பிட்டான்.

"எத்தனைக்கா போச்சு?"

"ஒண்ணு."

நான் இரண்டு பெண்கள் தூக்கி நடந்ததைச் சொன்னேன். பிடிக்க வாகில்லாமல் வித்யாவின் விரல் நசுங்கப் பார்த்ததையும் சொன்னேன். பெரிய கம்பெனிக்குச் செய்த காலத்தில் ஒரு ஸ்குரூவைக்கூட எங்களால் மாற்ற முடிந்ததில்லை.

தம்பி கேட்டான்: "அப்ப அடுத்ததுல ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்சிரலாமாக்கா?"